மண் அணைக்கு அப்பால் நின்றவன்

புயல் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது என்றுதான் நினைத்தோம். மூன்று நாள் விடாத மழை. கூரையில் இரண்டு தகரம் கழன்றது, வேலியோரத்து வாழைகள் சரிந்தன, கரண்ட் போனது. அவ்வளவுதான். மலைநாட்டில் ஊரோடு ஆட்கள் மண்ணுக்குள் போய்விட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னதைக் கேட்கக் கேட்க, எங்களுக்கு வந்தது ஒன்றுமே இல்லை என்று பட்டது. நாலாம் நாள் காலை வெயில் எறித்தது. நனைந்த பாய்களை எடுத்து வெளியே போட்டேன்.

"படகு இழுத்து வைச்ச இடத்திலை கிடக்குதோ எண்டு பாத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு என் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார். வீட்டில் நானும் பதினொரு வயது மகளும்.

எங்கள் வீடு மயிலிட்டித் துறைமுகத்திலிருந்து கொஞ்சம் மேற்கே, ஒரு ஒழுங்கையின், குறுகிய சந்தின், கடைசியில் இருக்கிறது. ஆறு வயதில் அந்த இடத்தைவிட்டு ஓடியவள் நான். திரும்பி வந்தபோது வயது முப்பத்துமூன்று. நடுவில் இருந்ததெல்லாம் பாடசாலை மண்டபம், ஓலைக் கொட்டில், பிறகு தகரக் கொட்டில். இராணுவம் பிடித்து வைத்திருந்த காணியை விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், வீடு நின்ற இடத்தில் அத்திவாரம்கூட இல்லை. கிணறு ஒன்றுதான் மிச்சம். அதை வைத்துத்தான் எது எங்கள் காணி என்று கண்டுபிடித்தோம். உதவித் திட்டத்தில் இரண்டு அறை கட்டினோம். உள்பக்கம் மட்டும் பூசியிருக்கிறது.

விட்டதும் எங்கள் காணியோடு சரி. பின்வேலிக்கு அப்பால் முட்கம்பி. அதற்கும் அப்பால் ஆள் உயரத்தைவிட உயரமான மண் அணை, சண்டைக் காலத்தில் போட்டது. அணைக்கு அந்தப் பக்கம் இன்னும் விடாத காணிகளும் பற்றைக் காடும், மிதிவெடி எடுக்காத நிலமும். அணையின்மேல் ஒரு காவலரண் இருந்தது. அதில் எப்போதும் ஒருவன் நின்றான்.

அவனுடைய தலையும் நெஞ்சும்தான் தெரியும். பச்சைச் சட்டை, தொப்பி. முகம் நிழலுக்குள். நாங்கள் குடிவந்த முதல் கிழமையிலேயே கிணற்றடியில் அந்தப் பக்கமாக ஒரு பழைய சீலையைக் கட்டிவிட்டேன். குளிக்கும்போதும் முதுகில் ஏதோ ஊர்வது போல இருக்கும். ஏழு வருடம் அப்படித்தான் குளித்தேன். முற்றம் கூட்டும்போதும், உடுப்புக் காயப் போடும்போதும், மகளைத் திட்டும்போதும் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் மகள் ஒருநாள் கேட்டாள்: "அம்மா, அந்த மாமாவுக்குக் கால் நோகாதே?" ஆட்கள் மாறி மாறித்தான் நிற்பார்கள் என்று சொன்னேன். மாறுவதை நான் ஒருநாளும் கண்டதில்லை.

பக்கத்துக் காணியில் இருந்தவரை நான் மாமி என்று கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றுமில்லை. அகதி முகாமில் எங்களுக்குப் பக்கத்து அறை, அப்படிப் பழகிப் போனது. புருஷன் கடலில் போய்விட்டார். ஒரே மகன் கடைசிச் சண்டை முடிந்த அன்று வன்னியில் ஒரு பஸ்ஸில் ஏற்றப்பட்டான். மாமியே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் இராணுவத்திடம் கையளித்தவர். விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொன்னார்களாம்; பிறகு ஒரு தகவலும் இல்லை. அன்றைக்கு அவன் உடுத்திருந்தது ஒரு பச்சைச் சட்டை. இதை மாமி எத்தனையோ அரசாங்கக் கந்தோர்களில், எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். அறுபது வயதைத் தாண்டியும் மீன் கருவாடு போட்டுத்தான் சீவியம். காவலரணைப் பார்த்து ஒருமுறை என்னிடம் சொன்னார்: "உவன் சாப்பிடுறதை நான் ஒருநாளும் காணேல்லை பிள்ளை. நீ கண்டனியே?"

நானும் கண்டதில்லை.

அன்று காலை பத்து மணி இருக்கும். முதலில் எனக்கு உறைத்தது சத்தம் இல்லாததுதான். மழை விட்டால் காகமும் நாயும் ஊரையே கூட்டும். ஒன்றையும் காணவில்லை. எறும்புகள் மட்டும் சுவரில் கறுப்புக் கயிறு போல மேலே போய்க்கொண்டிருந்தன. உடுப்புக் கொடியை எட்டிப் பிடித்தால், கொடியில் ஒரு சாரைப்பாம்பு சுற்றிக்கொண்டு கிடந்தது. என்னைக் கண்டும் அது அசையவில்லை.

பிறகு கிணறு முனகியது. அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். எவ்வளவு மழை பெய்தாலும் கொஞ்ச நேரத்தில் குடித்துவிடும். கல்லுக்குக் கீழே பொந்துகள் ஓடுகின்றன என்பார்கள். அந்தப் பொந்துகளிலிருந்து காற்று ஏறி வருவது போல, நோயாளி ஒருவர் மூச்சுவிட்டது போல, ஆழத்திலிருந்து வந்தது அந்தச் சத்தம். எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கட்டுவரைக்கும் வந்து நின்றது. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கட்டைத் தாண்டி வழிந்தது. ஒரு துளி மழை இல்லை, தலைக்குமேல் நீல வானம், கிணறு தானாக வழிகிறது.

மகளைக் கூப்பிட்டுச் சமைக்கிற குசினியின் கொங்கிறீற் கூரைமேல் ஏற்றினேன். அவளிடம் தண்ணீர்ப் போத்தலையும் போனையும் கொடுத்தேன். கீழே வந்து அரிசிச் சாக்கைத் தூக்கி மேசைமேல் வைத்திருப்பேன், பின்பக்கம் பெரிய மரம் முறிந்தது போல ஒரு சத்தம். அணை உடைந்தது. மூன்று நாள் மழைத் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் குளமாகத் தேங்கி நின்றிருக்கிறது. எங்களுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தை நாங்கள் பார்த்ததே இல்லை.

தண்ணீர் சீறிக்கொண்டு வரவில்லை. படம் எடுத்த பாம்பு மாதிரி வரும் என்று நினைத்தேன். அது பாய் விரிப்பது போல வந்தது, மண்ணிறமாக, நுரையில்லாமல். கணுக்கால், முழங்கால், பிறகு இடுப்பு. நானும் குசினிக் கூரையில் ஏறினேன். தண்ணீரோடு பொருட்கள் வந்தன. ஒற்றைக் கால் சப்பாத்துகள். துருப்பிடித்த தேநீர்க் கேத்தில் ஒன்று. யாருடைய வீட்டிலோ இருந்த ஒரு கதவு, நீலப் பெயின்ற் இன்னும் போகாமல். முப்பது வருடத்துக்கு மேல் அங்கே கிடந்த எங்கள் ஊர்ச் சாமான்கள், ஒவ்வொன்றாக ஒழுங்கைக்குள் வந்து ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் முட்டி நின்றன.

அதற்குப் பிறகு சிவப்புப் பலகைகள் வந்தன. வெள்ளையில் மண்டையோடு வரைந்த பலகைகள். ஒன்று எங்கள் குசினிச் சுவரில் வந்து மெல்லத் தட்டியது. திரும்பித் திரும்பித் தட்டியது.

இந்த வீட்டைக் கட்டுவதற்கு முன்னர் நாலு வருடம் நான் முகமாலையில் மிதிவெடி எடுக்கும் வேலை செய்தவள். முழங்காலில் நின்று, முகத்துக்குக் கண்ணாடி போட்டு, ஒரு நாளைக்கு ஒரு பாயளவு நிலம்கூடத் தாண்டாத வேலை. பலகை நிற்கும் இடம்தான் எங்களுக்கு உயிர். பலகைக்கு இந்தப் பக்கம் நடக்கலாம், அந்தப் பக்கம் கூடாது. இப்போது பலகை மிதக்கிறது. பலகை வந்த வழியில் மற்றதும் வந்திருக்கும். சவர்க்காரப் பெட்டியளவு பிளாஸ்ரிக் சாமான், பாரமே இல்லை. ஒரு மாரிக்குப் பிறகு, நாங்கள் துப்புரவாக்கி முடித்த இடத்திலேயே புதிதாக ஒன்று கிடந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கணவருக்குப் போன் எடுத்தேன். அவர் றோட்டில் நின்றார், ஒழுங்கைக்குள் இறங்கப் போகிறார்.

"இறங்காதேங்கோ! தார் றோட்டை விட்டு ஒரு காலும் வைக்காதேங்கோ. ஆரையும் விடாதேங்கோ."

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? பிள்ளை எங்கை?"

"பிள்ளை என்னோடை இருக்கிறாள். வெடி வந்திருக்கு. தண்ணியோடை வெடி வந்திருக்கு. படகைக் கொண்டு வாங்கோ."

"ஓம். வாறம்" என்றார்.

போனை வைத்ததும் மகள் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, அந்த மாமா இறங்கி வாறார்."

திரும்பிப் பார்த்தேன். காவலரண் இருந்த இடத்தில் அணை பிளந்து கிடந்தது. அந்தப் பிளவுக்குள்ளால், நெஞ்சளவு தண்ணீரில், அவன் வந்துகொண்டிருந்தான். கையை ஆட்டவில்லை, தண்ணீரை விலக்கவில்லை. நேராக நிமிர்ந்தபடி, கொஞ்சம் இடமும் வலமும் சாய்ந்து சாய்ந்து. முட்கம்பிக்குக் கிட்ட வந்ததும் நின்றான். நின்ற இடத்தில் எங்கள் பக்கம் மெல்லத் திரும்பினான்.

"கம்பி இருக்கு! அங்காலை நில்லுங்கோ!" என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்திலும் கத்தினேன். பதில் இல்லை. உதவி கேட்டும் அவன் கத்தவில்லை. அவ்வளவு தண்ணீருக்குள் நிற்கும் ஒரு மனிதன் கத்தாமல் இருப்பதுதான் என்னை நடுங்க வைத்தது.

பிறகுதான் மாமியைக் கண்டேன். தன் வீட்டு வாசலிலிருந்து இறங்கி, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கம்பியை நோக்கி நேராக நடந்துகொண்டிருந்தார். தண்ணீர் அவருக்கு இடுப்புக்கு மேலே.

"மாமி! நில்லுங்கோ! அசையாதேங்கோ! கீழை வெடி கிடக்கும்!"

திரும்பாமலே சொன்னார்: "பச்சைச் சட்டை பிள்ளை. பச்சைச் சட்டையோடை நிக்கிறான்."

அந்தக் குரலில் அழுகை இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்வது போல இருந்தது.

நான் ஏன் இறங்கினேன் என்று பிறகு என் கணவர் பலமுறை கேட்டார். பிள்ளையை விட்டுவிட்டு எப்படி இறங்கினீர் என்று. மகளிடம், "அப்பா வரும்வரைக்கும் இதிலையிருந்து இறங்கினாய் எண்டால் நான் உன்னோடை கதைக்க மாட்டன்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். மாமியின் வாசல்வரை சீமெந்துப் பாதை, அதில் பயம் குறைவு. அதற்குப் பிறகு அவர் போன வழி. தண்ணீருக்குள் காலடி இருக்காது. அவருடைய வாசல்படி, உடுப்புக் கொடிக் கம்பம், ஒரு தென்னம்பிள்ளை மூன்றையும் ஒரு கோட்டில் வைத்துக்கொண்டேன். அவர் வளையாமல் நடந்திருந்தார். அவர் கால் வைத்த இடத்தில் நானும் வைத்தால் சரி. ஒவ்வொரு அடியையும் தூக்கி வைத்தேன், இழுக்கவில்லை. இழுத்தால் பக்கத்தில் கிடப்பதும் தட்டும். ஒருமுறை என் பாதத்தில் வழுவழுவென்று ஏதோ பட்டது. மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றேன். அது நீந்திப் போனது. மீன். வீட்டு முற்றத்தில் மீன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமி அவனுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் கம்பி மட்டும். தண்ணீர் அவனை மெல்ல ஆட்டியது. மாமி கையை நீட்டித் தொப்பியைத் தொட்டார். தொப்பி விழுந்து மிதந்து போனது.

சாக்கு. வைக்கோல் அடைத்து, கழுத்தில் சணல் கயிற்றால் கட்டிய சாக்கு. அடியில் கொஞ்சம் கல் போட்டு மூடிய நீலப் பீப்பாய் ஒன்றில் தடியை நட்டு, தடியில் சட்டையை மாட்டியிருந்தார்கள். சாக்கில் கறுப்பு மையால் முகம் வரைந்திருந்தது. யாரோ நேரம் எடுத்து வரைந்திருக்கிறார்கள். புருவம், மீசை, கண்ணுக்குள் கருமணி, கீழ் இமையில் மயிர்கூட. இந்தக் கண்களுக்குப் பயந்துதான் ஏழு வருடம் சீலை கட்டிக் குளித்தேன். அது தெரிந்த பிறகும் அந்தக் கண்கள் என்னைப் பார்த்தன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாமி அழவில்லை. சட்டையின் மேல் பொத்தான் கழன்றிருந்தது. கம்பிக்குள்ளால் இரண்டு கையையும் விட்டு அதைப் போட்டுவிட்டார். விரல்கள் விறைத்திருந்தன, மூன்று நாலு தரம் முயன்றுதான் போட முடிந்தது.

"சரி. வா, போவம்" என்றார்.

"நான் போற வழியிலை வாங்கோ மாமி. என்ரை தோளைப் பிடியுங்கோ."

திரும்பி வரும்போது நான் முன்னால், அவர் பின்னால். தென்னம்பிள்ளை, கம்பம், படி. மகள் கூரையில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் கடந்து என் கணவரும் இன்னும் ஐந்து பேரும் ஒரு சின்னப் படகை லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தடி ஊன்றக்கூடாது, துடுப்பு மட்டும் போடுங்கள் என்று கூரையிலிருந்து கத்தினேன். கடலில் மட்டும் கண்ட படகு எங்கள் ஒழுங்கைக்குள், வேலிகளுக்கு நடுவால், சத்தமில்லாமல் வந்தது. படகிலிருந்து கயிற்றைத் தார் றோட்டுவரைக்கும் விட்டு, அங்கே நின்றவர்கள் இழுத்தார்கள். ஒழுங்கையிலிருந்த ஒன்பது குடும்பத்தையும் அப்படித்தான் எடுத்தோம். ஒருவரும் கால் நனைக்கவில்லை. கடைசி ஆளை எடுத்து முடித்த பிறகுதான் என் கணவர் என்னோடு கதைத்தார். அதுவும் ஏச்சுத்தான்.

பாடசாலையில் இருபது நாளுக்கு மேல் இருந்தோம். எனக்கு மண்டபத்தில் படுப்பது புதிதில்லை. எந்த மூலையில் காற்று வரும், எந்த நேரம் போனால் குழாயடியில் ஆட்கள் குறைவு என்று போன உடனேயே கண்டுபிடித்துவிட்டேன். அப்படி உடனே தெரிந்ததுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. மகளுக்கு அதுதான் முதல் தரம். அவள் தன் பாயைச் சுற்றிப் புத்தகங்களை வேலி போல அடுக்கிவைத்துக்கொண்டு படுத்தாள்.

தண்ணீர் வற்றிய பிறகு வெடி எடுக்கும் ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருத்தி முன்னர் என்னோடு முகமாலையில் வேலை செய்தவள். முதல் கிழமையிலேயே இரண்டு எடுத்தார்கள். ஒன்று மாமியின் கிணற்றடியில். மற்றது பின்பக்கம், தென்னம்பிள்ளைக்கும் கம்பிக்கும் நடுவில். நாங்கள் நடந்த வழியிலிருந்து எவ்வளவு தூரம் என்று அவள் கையை விரித்துக் காட்ட வந்தாள்.

"வேண்டாம்" என்றேன். "எனக்குச் சொல்லாதை."

அன்றைக்குக் கம்பிவரை போனதைப் பற்றி மாமியோடு நான் கதைக்கவில்லை. எப்படித் தொடங்குவது? பாடசாலையை விட்டு வருவதற்கு முதல்நாள், மண்டபப் படியில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

"நீ என்னை விசரி எண்டு நினைச்சிருப்பாய்."

"இல்லை மாமி."

"பாதி வழியிலையே எனக்குத் தெரியும் பிள்ளை, அது அவனில்லை எண்டு. தோள் வேறை. என்ரை பிள்ளையின்ரை தோள் எனக்குத் தெரியாதே?"

"பிறகேன் போனீங்கள்?"

கொஞ்ச நேரம் ஒரு சட்டையை மடித்து, விரித்து, திரும்பவும் மடித்தார்.

"ஆரோ பெத்த பிள்ளை எண்டுதானே நினைச்சன். தண்ணியுக்கை தனிய நிக்குது. கூப்பிடவும் தெரியாமல் நிக்குது. விட்டிட்டு வரலாமே?"

நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. மடித்த உடுப்பை எடுத்துப் பையில் வைத்தேன்.

குருநகரில் இருக்கும் தன் அக்காவின் வீட்டோடு போய்விடலாம் என்று என் கணவர் சொன்னார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, நான் வரவில்லை என்றேன். எத்தனை இடம் மாறியிருக்கிறேன் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். கை இரண்டும் போதவில்லை. அவர் பிறகு கேட்கவில்லை.

இப்போது வீட்டில்தான் இருக்கிறோம். கிணற்றை இறைத்து இறைத்துப் பார்த்தும் உவர் போகவில்லை. குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது. வெடி எடுக்கும் ஆட்கள் படலையிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து கிணற்றுக்கும், மலசலகூடத்துக்கும் ஒரு முழம் இரண்டு முழம் அகலத்தில் வழி எடுத்து, இரண்டு பக்கமும் நாடா கட்டிவிட்டிருக்கிறார்கள். மிச்ச முற்றம் பார்க்கத்தான். வடக்கு மூலையில் முருங்கை நிற்கிறது. அந்த வெள்ளத்தைக் குடித்த மரம் இந்த வருடம் கிளை முறியக் காய்த்திருக்கிறது. நாடாவுக்கு அந்தப் பக்கம் என்பதால் காய் முற்றி, வெடித்து, விதை பறக்கிறது. நிலம் இன்னும் நன்றாகக் காய்ந்த பிறகு மிச்சத்தை எடுக்க வருவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் முருங்கைக்காயைக் கடையில்தான் வாங்குகிறேன்.